பழைய இரட்டைக்குழல்: உள்ளே பளபளத்தால் போதுமா?

மார்ச் 2, மாலை: கேள்வி

பக்கம் பக்கமாக இரண்டு குழல் உள்ள பழைய 12 போர் (துளை அளவு) ரவைத் துப்பாக்கி. பல வருஷம் தோல் உறைக்குள்ளேயே கிடந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரே கறுப்பு. பின்வாய்ப் பக்கம் (தோட்டா போடும் முனை) செம்பழுப்பு, நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிகிறது. தேய்ந்த பிரஷ்ஷில் எஃகுக் கம்பளியைச் சுற்றி, டிரில்லில் மாட்டி அரை மணி நேரம் ஓட்டினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் சுடலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 2, இரவு

கூடாது. டிரில்லும் கூடாது, அந்த முடிவும் கூடாது.

இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். குழல் சுத்தமாக இருக்கிறதா என்பது ஒன்று. சுவர் தாங்குமா என்பது இன்னொன்று. முதலாவதைக் கண் சொல்லும். இரண்டாவதை அளவுகோல்தான் சொல்லும். துரு தின்ற குழலை வழித்து மெருகேற்றினால் பளபளக்கத்தான் செய்யும். அந்தப் பளபளப்புக்காக எவ்வளவு இரும்பு போயிற்று என்பது வெளியே தெரியாது. அழுக்குக் குழலையாவது வாங்குகிறவன் சந்தேகப்படுவான். மெலிந்து பளபளக்கும் குழலை யாரும் சந்தேகப்படுவதில்லை, அதனால்தான் அது அதிக ஆபத்து.

எதையும் தொடுமுன் மடித்துத் திறந்து இரண்டு தோட்டா அறையும் காலி என்று பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியே எடுங்கள். இனி எல்லா வேலையும் கட்டையிலிருந்து பிரித்த குழலில் மட்டும்.

மார்ச் 2, இரவு, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியது பின்வாய் திறக்கும் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும். முன்வாய் வழியாக வெடிமருந்து இடிக்கும் பழைய ரகத்தைச் சுத்தம் செய்ய யாராவது இதைப் படிக்கலாம். அவர்களுக்கு:

அந்த ரகத்தில் உள்ளே மருந்து இருப்பது வெளியே தெரியாது. ஒரு மரத்தண்டை மெதுவாக அடிவரை விடுங்கள். முகமும் கையும் குழல்வாய்க்கு நேரே வரக் கூடாது. தண்டில் வாய் விளிம்புக்கு நேராகப் பென்சில் கோடு. வெளியே எடுத்து, அதே கோட்டை விளிம்பில் வைத்துக் குழலின் வெளிப்புறத்தோடு படுக்கவையுங்கள். தண்டின் நுனி, கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் முலையின் அடிவரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரல்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெறும் துருவாகவோ பூச்சிக்கூடாகவோ இருக்கலாம். மருந்தும் ரவையும் (ஈயக் குண்டுமணிகள்) தக்கையுமாக (இரண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு) அப்படியே இருக்கவும் இடமுண்டு. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். குறைந்தால் அங்கேயே நிறுத்தி, துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

மார்ச் 3, காலை

சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை நன்றாகப் பார்த்து எழுதிவையுங்கள். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். துரு எங்கே தொடங்கியது என்பதற்கு அழுக்குத்தான் சாட்சி. தோட்டா அறை முடிந்ததும் கூம்பாகக் குறுகும் இடம், சோக் (வாய்முனையில் குழல் சற்றுக் குறுகும் பகுதி) தொடங்குவதற்கு முன் உள்ள நாலைந்து அங்குலம், இந்த இரண்டும் துருவுக்குப் பிடித்த இடங்கள். கூம்பில் மருந்தின் எச்சம் அதிகம். வாய்ப்பக்கம் காற்றின் ஈரம் முதலில் நுழையும். நடுக்குழலில் ஒரே வரியாக, ஒரு பக்கம் மட்டும் துரு இருந்தால், படுக்கவைத்த நிலையில் எண்ணெயோ ஈரமோ அந்தப் பக்கம் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். உங்களுடையது உறையில் கிடந்தது என்கிறீர்கள், இதையும் பாருங்கள்.

தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் மிஞ்சும் அமிலமும் உப்பும் வேறு சேரும். உறை என்பது எடுத்துப் போவதற்கு மட்டும்.

மார்ச் 3, இரவு

இப்போது சுத்தம். வேண்டியவை: வளையாத ஒரே துண்டு மரத்தண்டு அல்லது பித்தளைத் தண்டு, 12 போர் பாஸ்பர் வெண்கலப் பிரஷ், கம்பளி மாப், மூன்று அங்குலச் சதுரமாக வெட்டிய பருத்தித் துணி நாற்பது ஐம்பது, நைட்ரைல் கையுறை. இன்னொன்றும் வேண்டும்: ஒரு 10 போர் பிரஷ். அது அறைக்கு. 12 போரின் உட்துளை 0.729 அங்குலம் என்றால் அறை 0.8 அங்குலத்தை ஒட்டி வரும். 12 போர் பிரஷ் அங்கே சுவரில் உரசாமலே போய்வரும். அறையில் துரு விட்டுப்போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

காய்ந்த குழலில் முதலில் பிரஷ் போடாதீர்கள். துருத்தூள் மணல்தாள் மாதிரி வேலை செய்யும். முதலில் ஊறவையுங்கள். வாய்ப்பக்கம் ரப்பர் அடைப்பான் போட்டு, குழலை நிமிர்த்தி, பின்வாய் வழியாக மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். 28 அங்குலக் குழல் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி பிடிக்கும். ஒரு நாள் முழுக்க நிற்கட்டும். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்போ மின்பொறியோ கூடாது. அடியில் ஒரு தட்டு வையுங்கள். அடைப்பான் கசியாமல் இருப்பது அபூர்வம்.

மறுநாள் வடித்துவிட்டு, பின்வாயிலிருந்து வாய்நோக்கிப் பிரஷ்ஷை ஒரே இழுப்பாக விடுங்கள். வாய்க்கு வெளியே முழுதும் வந்தபின் திருப்புங்கள். நடுவில் திசை மாற்றினால் பிரஷ்ஷின் மயிர் மடங்கி ஒரே நாளில் தளர்ந்துவிடும். போய்வருவது பத்து முறை, பிறகு துணி. முதல் துணி சேறாக வரும். துணி சாம்பல் நிறத்துக்கு வரும்வரை ஊறவைப்பது, பிரஷ், துணி என்று சுற்று தொடர வேண்டும். மோசமான குழலுக்கு ஐந்தாறு சுற்று ஆகலாம். அவசரப்பட இதில் ஒன்றுமில்லை.

மார்ச் 4: கேள்வி கேட்டவர்

மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் ஆயிற்று. செம்பழுப்பு கரைந்து வந்துவிட்டது. ஆனால் கூம்பிலும் சோக்குக்கு முன்னாலும் வெள்ளி மாதிரிக் கோடுகள். தேய்த்தாலும் போகவில்லை. கீறலா?

மார்ச் 4, இரவு

ஈயமாக இருக்கலாம். பழைய தோட்டாக்களில் நாரும் அட்டையும்தான் தக்கை. ரவை நேராகக் குழலில் உரசிப் போகும். கூம்பிலும் சோக்கிலும் குழல் குறுகுவதால் அங்கே வழித்து ஒட்டும். கூர்மையில்லாத மூங்கில் குச்சியால் சீண்டிப் பாருங்கள். செதில் செதிலாகப் பெயர்ந்தால் ஈயம். குச்சி வழுக்கிப்போய் நிறமும் மாறவில்லை என்றால் கீறல்.

ஈயத்தை எடுக்கச் சிறந்தது சுத்தச் செம்பு உரசுகம்பி, பாத்திரம் தேய்க்க விற்கும் சுருள். ஒரு கொத்தைத் தேய்ந்த பிரஷ்மேல் இறுக்கிச் சுற்றி, எண்ணெய் தடவி, கையால் இழுங்கள். செம்பு இரும்பைவிட மெத்து, ஈயத்தைவிடக் கடினம், அதனால் குழலைத் தொடாமல் ஈயத்தைப் பெயர்க்கும். வாங்கியதும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, உள்ளே விடாதீர்கள்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றினால் ஈயம் கரைந்துவிடும் என்று சொல்வார்கள். கரையும்தான். கரைந்து வருவது ஈய அசிடேட், தோல்வழியாகவும் உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு. கலவை இரும்பையும் அரிக்கும், வெளிப்பக்கம் வழிந்தால் துருவைத் தடுக்க இரும்புக்கு ஏற்றிய நீலப் பூச்சைத் தின்றுவிடும். பாதரசம் ஊற்றி உருட்டுவது இன்னும் பழைய யோசனை. அதன் ஆவி நுரையீரலுக்குப் போகும். இரண்டும் வேண்டாம்.

செதில்களைச் செய்தித்தாளில் சேகரித்து மடித்துக் கட்டுங்கள். கையுறையைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

மார்ச் 5

பிளாஸ்டிக் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பிற்காலத்தில் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்த தோட்டா சுட்டிருந்தால், அது மெல்லிய படலமாக நீளவாக்கில் அப்பியிருக்கும். அதன்மேல் மருந்துக் கரி, அதன்மேல் அடுத்த படலம். கரைப்பானுக்குச் சுலபத்தில் மசியாது. கொதிநீர் ஊற்றினால் இளகும். சூடு ஆறுமுன் பிரஷ் போட்டால் புழு மாதிரிச் சுருண்டு வரும். ஈரம் அந்தப் படலத்துக்கு அடியில் புகுந்து, மேலே தெரியாமல் துருப்பிடிக்கும். படலத்தை எடுத்த பிறகுதான் குழி தெரியவரும். படலத்தின்மேல் எண்ணெய் பூசிவிட்டுக் குழல் பத்திரம் என்று நினைப்பதில் அர்த்தமில்லை.

மார்ச் 5, இரவு: இன்னொரு வாசகர்

இரட்டைக்குழலில் கொதிநீர் ஊற்றினால் குழல்களை ஒட்டியிருக்கும் பற்றாசு விட்டுப்போகாதா? இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையான ரிப் கழன்றுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 6

பற்றாசு கொதிநீருக்கு இளகாது. ஈயமும் தகரமும் கலந்த மெத்துப் பற்றாசு இளகவே 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், தண்ணீர் கொதிப்பது 100-ல். பற்றாசுக்கு எமன் வேறு: காரஉப்புக் கரைசலில் மூழ்கடித்து நீலமேற்றும் முறை. அது பற்றாசையே தின்னும். ஒற்றைக்குழலுக்குச் செய்கிற அந்த நீலத்தைப் பழைய இரட்டைக்குழலுக்குச் செய்து, ரிப் பிளந்துபோனவை நிறைய.

ஆனாலும் உங்கள் கவலையில் பாதி சரி. ரிப் ஏற்கெனவே எங்காவது விட்டிருந்தால், ஊற்றும் தண்ணீர் ரிப்புக்கும் குழலுக்கும் நடுவே புகுந்துகொள்ளும். வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்து குழலின் வெளிச்சுவரைத் தின்னும். யார் கண்ணுக்கும் படாத இடம் அது. ஆகவே வரிசையை மாற்றுகிறேன்: தண்ணீருக்கு முன் ரிப்பைச் சோதியுங்கள்.

குழல்களின் அடியிலுள்ள கொக்கியில் விரலையோ கம்பியையோ மாட்டித் தொங்கவிட்டு, விரல்முட்டியால் தட்டுங்கள். நல்ல குழல் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். ரிப் விட்டிருந்தால் உடைந்த பானை மாதிரி மொட்டையாக நிற்கும். முன்கட்டையும் வார் வளையமும் ஆடிக்கொண்டிருந்தாலும் ஓசை கெடும், முதலில் அவற்றைக் கழற்றுங்கள் அல்லது விரலால் அமுக்குங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் இரு முனையும் அடைத்து, கை பொறுக்கும் சூட்டு நீரில் அமிழ்த்துங்கள். ரிப்புக்கு அடியில் அடைபட்ட காற்று சூடேறி விரியும், ரிப் ஓரத்தில் குமிழ் வரிசையாகக் கிளம்பும் இடம்தான் விட்ட இடம். குமிழ் வந்தால் அந்தக் குழலுக்குத் தண்ணீர் வைத்தியம் இல்லை. ஈரத்துணி மட்டும், பிறகு வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் உலரவைப்பது.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

ஈரத்துணி என்றதும் கேட்பீர்கள்: எண்ணெய் இருக்கும்போது தண்ணீர் எதற்கு?

உப்புக்காக. பழைய தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலெங்கும் படியும், கிட்டத்தட்ட சாப்பாட்டு உப்பு மாதிரி. காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்மேல் தண்ணீராக்கிக்கொள்ளும். எண்ணெயில் உப்பு கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்தபடியே தின்னும். சுட்ட அன்றே எண்ணெய் போட்டு வைத்த குழல் மறுவாரம் சிவந்து கிடப்பதன் காரணம் இதுதான். கருமருந்தின் கரியும் அப்படியே. பொட்டாசியம் கார்பனேட்டும் சல்பேட்டும் சல்பைடும் அதில் உண்டு, எல்லாம் தண்ணீருக்குத்தான் மசியும்.

ஆக வரிசை: சோப்பு நீர், வெந்நீர், உலர்ந்த துணி, துணி காய்ந்து வரும்வரை மறுபடி துணி, அதன்பின் எண்ணெய். வெந்நீரால் ஒரு லாபம் உண்டு: குழல் சூடாகித் தானே உலரும். உலர்ந்த சூட்டிலேயே எண்ணெய் போடாவிட்டால் கண்ணெதிரே இளஞ்சிவப்புப் படரும். நிமிஷக்கணக்கு அது.

மார்ச் 8

குழல் சுத்தமான பிறகுதான் உண்மையான பார்வை. எண்ணெய் இல்லாமல், காய்ந்த குழல். எண்ணெய் சின்னக் குழிகளை நிரப்பி மென்மையாகக் காட்டிவிடும்.

டார்ச்சை உள்ளே அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, எல்லாம் மினுங்கும். ஜன்னலின் மேல்விளிம்பு மாதிரி, வெளிச்சமும் நிழலும் நேர்கோட்டில் பிரியும் இடத்தை நோக்கிக் குழலைப் பிடியுங்கள். கண் குழல்வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. உள்சுவரில் அந்த நிழல்கோடு நீண்டு விழும். குழலை மெல்லச் சுழற்றுங்கள். நேரான குழலில் கோடு எங்கும் முறியாது. சொட்டை விழுந்த இடத்தில் கோடு பிறை மாதிரி வளைந்து கறுக்கும், சுழற்றினால் மறையும், திரும்ப வரும். புடைப்பு வேறு: முழு வட்டமாகக் கறுப்பு வளையம், அதை ஒட்டி வெள்ளை வளையம், எப்படிச் சுழற்றினாலும் அங்கேயே நிற்கும். இரு முனையிலிருந்தும் பாருங்கள், ஒரு முனைக்குத் தெரியாதது மறுமுனைக்குத் தெரியும்.

வளையம் கண்ட இடத்தை வெளியே விரல்நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத புடைப்பும் எண்ணெய் தடவிய விரலுக்குப் பிடிபடும். முந்திய சுடுதலில் நின்றுபோன தக்கையோ வேறு அடைப்போ இருந்து, அதன்மேல் அடுத்தது சுட்டால் வருவது இது. 20 போர்த் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கி முன்னே போய்க் கூம்பில் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் கிழியும். 20 போருக்கு மஞ்சள் தோட்டாக் கூடு என்ற வழக்கம் இதைத் தடுக்கத்தான். ஒவ்வொரு முறையும் மூடுமுன் குழலூடே பார்த்துவிட்டு மூடுவது என்ற பழக்கத்துக்கு மாற்று கிடையாது.

மார்ச் 8, இரவு

குழிகளை எப்படிக் கண்டுபிடிப்பது: தண்டின் நுனியில் தளர்வாகப் பஞ்சு சுற்றி உலர்ந்தபடி இழுங்கள். பஞ்சு இழை மாட்டிக்கொண்ட இடத்தில் விளிம்புள்ள குழி இருக்கிறது. தண்டில் தூரத்தைக் குறித்துவையுங்கள்.

கரும்புள்ளி எல்லாம் குழி அல்ல. டமாஸ்கஸ் குழலில் இரும்பும் எஃகும் பின்னிய அடுக்குகள் வேறுவேறு நிறத்தில் சுருள் சுருளாகத் தெரியும். அடித்துப் பற்றவைக்கும்போது சிக்கிய கசடும் சாம்பல்நிறத் துளியாகத் தங்கும். அடுக்கின் சுருளை ஒட்டியே ஓடினால் அது உலோகத்தின் இயல்பு. சுருளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு திட்டாகக் கிடந்தால் துரு.

மார்ச் 9: கேள்வி கேட்டவர்

போனில் மாட்டும் சிறிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். கிணறு கிணறாகத் தெரிகிறது, பயமாக இருக்கிறது.

மார்ச் 9, இரவு

அந்தக் கேமரா எதையும் கிணறாகத்தான் காட்டும். சுற்றிலும் விளக்கு, ஒரு அங்குலத் தூரம், திரை நிறைய உருப்பெருக்கம். 0.5 மில்லிமீட்டர் கம்பித் துண்டு ஒன்றைத் தண்டில் ஒட்டிக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கம்பியோடு ஒப்பிட்டால் குழியின் அகலம் தெரிந்துவிடும். ஆழத்தைக் கேமரா சொல்லாது. பல் மருத்துவத்தில் அச்செடுக்கும் சிலிகான் மாவை அழுத்தி எடுத்தால், குழி அதில் மேடாக வரும், அந்த மேட்டை அளக்கலாம். அறைக்குப் பக்கத்திலும் வாய்க்குப் பக்கத்திலும் இது சுலபம், நடுக்குழலில் கஷ்டம்.

மார்ச் 10

இனி அளவு. லேத் பட்டறையில் "தவ்" என்பார்களே, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதிலேயே பேசுகிறேன். பழைய துப்பாக்கிகளின் முத்திரைகள் அந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

உட்துளையை எங்கே அளப்பது என்பதில் குழப்பம் வேண்டாம்: பின்வாயிலிருந்து 9 அங்குலம் உள்ளே. துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரை அடிக்கும் லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் இரண்டும் வைத்திருந்த இடம் அது. அவற்றின் முத்திரைகள் குழலின் தட்டையான அடிப்பரப்பில் இருக்கும். 12 என்றால் 0.729, 13/1 என்றால் 0.719, 12/1 என்றால் 0.740. 1954 விதிகளுக்குப் பிறகு நேரே .729 என்றே அடித்தார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தத் துளைக்குச் சரியான உருண்டை பன்னிரண்டு செய்யலாம் என்பதுதான் 12 போரின் பொருள். நடுவே உள்ள நுண்பிரிவுகளுக்காக வந்தது அந்தப் பின்ன எண்.

முத்திரை எண்ணைவிடப் பத்துத் தவ்வுக்கு மேல் துளை பெருத்திருந்தால் அந்தக் குழல் சோதனை முத்திரையை இழந்தது. .729 முத்திரையுள்ள குழல் இன்று .744 காட்டினால், பதினைந்து தவ் யாரோ வழித்திருக்கிறார்கள். எவ்வளவு பளபளத்தாலும் சரி. முனையில் மூன்று கால் விரியும் டயல் கேஜ் வேண்டும் இதற்கு, வெர்னியர் அவ்வளவு தூரம் எட்டாது.

NP என்ற எழுத்து இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. இல்லாத பழைய குழல் கருமருந்துக்கு மட்டும் சோதித்ததாக இருக்கலாம். NP இருப்பது அன்றைய குழலுக்குச் சாட்சி. வழித்தபிறகு உள்ள குழலுக்கு அது சாட்சி அல்ல.

மார்ச் 11

சுவர்த்தடிமன். இதற்கென்று உள்ளே ஒரு கை, வெளியே ஒரு டயல் உள்ள தனிக் கேஜ் உண்டு. அது இல்லையென்றால் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, உட்துளையைக் கழித்து, இரண்டால் வகுங்கள். வெளியே .790, உள்ளே .732 என்றால் 29 தவ். 12 போருக்கு மிக மெல்லிய இடத்திலும் 20 தவ்வுக்குக் கீழே போகக் கூடாது என்பது தொழிலில் பொதுவாக ஏற்ற வரம்பு. 25-க்கு மேல் இருந்தால் நிம்மதி. இது முன்பாதிக் குழலுக்கு. அறையும் கூம்பும் உள்ள பக்கம் அழுத்தம் மிக அதிகம், அங்கே சுவர் இதைப்போல் பலமடங்கு இருக்க வேண்டும்.

மார்ச் 11, இரவு

காலையில் எழுதிய கழித்தல் கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கு தப்பில்லை, ஆனால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. அது தருவது சராசரி. பழைய குழல்களில் துளை நடுவில் அமைந்திருக்க வேண்டுமென்பதில்லை. எட்டுத் தவ் ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அதே 29, ஒரு பக்கம் 37-ஆகவும் எதிர்ப்பக்கம் 21-ஆகவும் இருக்கும். அந்த 21-ல் ஆறு தவ் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தால் மிச்சம் 15. தாளில் 29, குழலில் 15. போதாததற்கு, இரட்டைக்குழலில் ரிப் மறைக்கும் பக்கத்தை வெர்னியர் தொடவே முடியாது. தனிக் கேஜ் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய், ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுற்றிவர நாலு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். மிகக் குறைந்த எண்ணும் அது இருக்கும் இடமும் வேண்டும். சராசரி வேண்டாம்.

மார்ச் 12: இன்னொரு வாசகர்

எஃகுக் கம்பளியை முழுதாகவே ஒதுக்கிவிட்டீர்கள். மிக மெல்லிய 0000 ரகம் எண்ணெயோடு கையால் போட்டால் குழலுக்கு ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் செய்கிறார்கள்.

மார்ச் 12, இரவு

ஒப்புக்கொள்கிறேன். 0000, நிறைய எண்ணெய், கையால், பத்துப் பதினைந்து இழுப்பு: படிந்த துரு போகும், அளக்கக்கூடிய இரும்பு போகாது. குரோமியம் பூசிய குழலுக்கு மட்டும் வேண்டாம், அங்கே பூச்சு உரிந்திருந்தால் ஓரத்தைக் கிளப்பிவிடும். அறுந்த இழைகள் உள்ளே தங்கினால் அவையே துருவாகும், ஆகவே முடிந்ததும் துணி விட்டு நன்றாகத் துடைத்தெடுங்கள்.

டிரில் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது. சுழலும் பிரஷ் ஒரே இடத்தில் சில விநாடி நின்றாலும் அங்கே வளையமாகத் தின்னும். கை ஒரு சீராகப் போகாது, எல்லோருக்கும் கூம்பிலும் சோக்கிலும்தான் கை நிற்கும். குழியை முழுதும் மறைக்க வேண்டுமென்றால் குழியின் ஆழம் வரை குழல் முழுக்க வழிக்க வேண்டும். ஆறு தவ் குழிக்காகத் துளை விட்டத்தில் பன்னிரண்டு தவ் கூடும். அந்த ஒரே வேலையில் முத்திரையின் பத்துத் தவ் வரம்பு தாண்டிப்போகிறது. குழிக்குள் துரு உயிரோடு இல்லையென்றால் குழியைக் குழியாகவே விட்டுவிடுவது உத்தமம்.

மார்ச் 13

துரு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க: முழுதும் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய் பூசிய பிறகு 1-ஆம் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள் வெள்ளைத்துணி இழுங்கள். ஏழாம் நாளும் துணியில் பழுப்பு வந்தால் குழிக்கடியில் உப்பு இருக்கிறது, சோப்பு நீரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அறை நீளத்தையும் பாருங்கள். பழையவற்றில் பெரும்பாலும் 2½ அங்குலம், வழக்கில் அதை 65 மில்லிமீட்டர் என்பார்கள். தோட்டாவில் எழுதும் 70 என்பது சுட்டு விரிந்த கூட்டின் நீளம். சுடுமுன், கூட்டின் முனை மடிப்போடு இருக்கும்போது அது 65 அறைக்குள் சிரமமில்லாமல் உட்காரும். சுட்டதும் மடிப்பு கூம்புக்குள் விரிந்து வழியைக் குறுக்கும், அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்பது பொருந்துகிறது என்பதற்குச் சான்றல்ல.

சோக் அளவு, வாயின் துளையை 9 அங்குலத் துளையிலிருந்து கழித்து வருவது. அரை சோக் 20 தவ், முழு சோக் 40 தவ் சுமார். குழலை வழித்திருந்தால் சோக் தானாகக் கூடியது போலக் காட்டும், அதையும் ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். வாய்முனையில் இரண்டு குழலும் ஒன்றையொன்று தொடாமல், நடுவே பற்றாசு நிரப்பியிருந்தால் யாரோ குழலை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். சோக் போயிருக்கும்.

மார்ச் 21: கேள்வி கேட்டவர்

அளந்து வாங்கிவந்தேன். முத்திரை .729, NP இருக்கிறது. இடது குழல் .733, மெல்லிய இடம் 26 தவ், குழி இல்லை. வலது குழல் .742. வாயிலிருந்து 7 அங்குலத்தில் ஒரு பக்கம் 18 தவ். இப்போது இரண்டுமே கண்ணாடி மாதிரி இருக்கின்றன. இடதை மட்டும் பயன்படுத்தலாமா?

மார்ச் 21, இரவு

வலதை முன்பே யாரோ வழித்திருக்கிறார்கள். பதின்மூன்று தவ் பெருத்தது, ஒரு பக்கம் 18. இரண்டு கணக்கிலும் அது தோற்றது.

இடதை மட்டும் என்பது வேண்டாம். விசை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், பதற்றத்தில் விரல் மாறும். தோட்டாவும் பழக்கத்தில் இரண்டிலும் போகும். ஒரு குழலின் பூட்டு (சுடும் பொறி) அதிர்ச்சியில் மற்றதை விடுவிப்பதும் பழைய துப்பாக்கியில் நடக்கும். ஒரு குழல் தோற்றால் ஜோடியே தோற்றது. மீட்க ஒரு வழி: பின்வாய்ப் பகுதியை வைத்துக்கொண்டு, முன்னால் வெட்டி எடுத்துப் புதுக்குழல் செருகிச் சேர்ப்பது. அதன்பின் சோதனைச் சாலையில் மறுபடி சோதித்து முத்திரை வாங்க வேண்டும். துப்பாக்கியின் மற்ற பாகங்கள் அவ்வளவுக்குத் தகுதியானவையா என்பதை அதைக் கையில் வைத்துப் பார்க்கிற தொழிலாளிதான் சொல்ல முடியும்.

அதுவரை வைத்திருப்பதற்கு: மெல்லிய எண்ணெய், ஒரு குழலுக்கு ஏழெட்டுச் சொட்டு போதும், மாப்பால் பரப்புங்கள். வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மிஞ்சிய எண்ணெய் பூட்டு வழியாகக் கட்டையின் கழுத்தில் இறங்கி மரத்தை ஊறவைத்து மெத்தாக்கும். தோட்டா வெளித்தள்ளியைத் தூக்கி அதன் அடியிலும் ஒரு துளி. தோல் உறை வேண்டாம். கொக்கியில் ஒரு அட்டை கட்டி, இந்த அளவுகளையும் அளந்த தேதியையும் எழுதிவையுங்கள்: இடது .733 / 26, வலது .742 / 18, சுடக் கூடாது. அடுத்து இதைக் கையில் எடுக்கிறவர் குழலூடே பார்ப்பார், கண்ணாடி மாதிரிதான் தெரியும்.